கல்லூரி வாயிலும் மலைப் படிக்கட்டும்

பதுளை நகரிலிருந்து பசறை செல்லும் பாதையின் இருமருங்கிலும் தேயிலை மலைகள் ஏறியும் இறங்கியும் கிடப்பதை அவ்வழியே பயணஞ் செய்தோர் அறிவர். பாதையில் நின்று பார்ப்போருக்கு லயங்கள் அழகிய வரிசைகளாகத் தோன்றும். அவற்றில் வாழ்வோருக்கோ லயத்துக்கும் பாதைக்கும் இடையிலுள்ள படிக்கட்டே நாள்தோறும் கடக்கவேண்டிய முதலாவது தடை. கருங்கல்லை அடுக்கிய படிகள். பிடித்து நடக்கக் கைப்பிடி இராது. மழைக்காலத்திற் பாசி படர்ந்திருக்கும். இத்தகைய அறுபது படிகளை இறங்கிக் காலைப் பஸ்ஸைப் பிடித்துப் பாடசாலைக்குச் செல்வதும், மாலையில் மீண்டும் அவற்றை ஏறி வருவதும் நல்ல கால்களை உடைய பிள்ளைக்கே அலுப்புத் தருவன. கால் வலுக்குன்றிய பிள்ளையோ, கண்ணொளி இல்லாத பிள்ளையோ இதே படிகளைப் பதின்மூன்று ஆண்டுகள் ஏறி இறங்கிக் க.பொ.த. உயர்தரப் பரீட்சையிலும் தேறிவிட்டால், அப்பிள்ளைக்காகப் பல்கலைக்கழகம் எதனைச் செய்யக் கடமைப்பட்டுள்ளது?

இரக்கப்பட்டு இடங்கொடுப்பதே அக்கடமை என்று எண்ணுவோர் இன்றும் உளர். ‘அங்கவீனர்’ என்று முன்னாளில் வழங்கிய சொல் மறைந்து, ‘மாற்றுத் திறனாளர்’, ‘விசேட தேவையுடையோர்’ என்னும் சொற்கள் வந்துள்ளன. சொல் மாறிய அளவுக்கு எண்ணம் மாறியதாகச் சொல்வதற்கில்லை. குறை பிள்ளையின் உடலில் மட்டும் இருப்பதன்று. படிக்கட்டிலும், பாடக் குறிப்பிலும், பரீட்சை மண்டபத்துக் கடிகாரத்திலும் அது பாதி இருக்கின்றது. அந்தப் பாதியை அகற்றுவது நிறுவனத்தின் வேலை.

இவ்வுண்மை மேல்நாட்டிலும் எளிதில் ஏற்கப்படவில்லை. அமெரிக்காவில் எட் ரொபேர்ட்ஸ் என்னும் இளைஞர் இளம்பிள்ளை வாதத்தினால் கழுத்துக்குக் கீழே இயக்கம் இழந்தவர். இரவில் அவர் உறங்குவதற்கு இரும்பு நுரையீரல் எனப்படும் பெரிய சுவாசக் கருவி வேண்டியிருந்தது. 1962ஆம் ஆண்டில் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தில் அவர் சேர்ந்தபோது, அக்கருவியின் பாரத்தைத் தாங்கவல்ல மாணவர் விடுதி அங்கு இருக்கவில்லை. ஈற்றில் வளாகத்து மருத்துவமனையின் ஒரு பகுதியே அவருக்கு விடுதியாயிற்று. அவரைத் தொடர்ந்து வேறு மாணவர்களும் அங்கு வந்து தங்கினர். 1970இல் அம்மாணவர்களின் முயற்சியால் ஒரு சேவைப் பிரிவு தொடங்கியது. உதவியாளரைத் தேடிக் கொடுப்பதும், சக்கர நாற்காலிகளைப் பழுதுபார்ப்பதும், ஏற்ற வாடகை வீடுகளைக் கண்டறிவதும் அதன் வேலைகளாயிருந்தன. எவை வேண்டும் என்பதைத் தேவையுடையோரே கூறினர் என்பதுதான் அதன் சிறப்பு.

இலங்கையில் இத்துறையின் தொடக்கம் பாடசாலைகளிலேயே அமைந்தது. மேரி சப்மன் அம்மையாரின் முயற்சியால் 1912இல் தோன்றிய செவிப்புலன், விழிப்புலன் அற்றோர் பாடசாலை இரத்மலானையில் நிலைபெற்றது. தமிழ்ப் பிள்ளைகளுக்கென யாழ்ப்பாணத்துக் கைதடியில் நவீல்ட் பாடசாலை 1956இல் உருவாயிற்று. ஆறு புள்ளிகளால் எழுதும் பிரெயில் முறை தமிழுக்கும் பிற இந்திய மொழிகளுக்கும் பொதுவாக 1951இல் வகுக்கப்பட்டிருந்தமையால், தமிழ்ப் பிள்ளைகள் தம் மொழியிலேயே விரலால் வாசிக்கும் வழி பிறந்தது. எனினும் பதுளைத் தோட்டமொன்றிலிருந்து கைதடி வெகு தொலைவு. ஐந்தாறு வயதுக் குழந்தையை அத்தனை தூரத்துக்கு அனுப்ப எந்தத் தாய் மனம் இசைவாள்? வீட்டிலேயே நின்றுவிட்ட பிள்ளைகள் பலர். உயர்கல்வியைப் பற்றிய பேச்சே அவர்களுக்கு எழவில்லை. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு, ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 சதவீதத்தினர் ஏதோவொரு குறைபாட்டுடன் வாழ்வதாகக் கூறிற்று. அவர்களிற் பலர் முதியோர் என்பது உண்மையே. ஆயினும் விரிவுரை மண்டபங்களில் இத்தகைய இளைஞரை எண்ணிப் பார்ப்பவர் விரல்விட்டு எண்ணி முடித்துவிடுவர்.

பல்கலைக்கழக அனுமதியில் பதுளை, மொனராகலை ஆகிய இரு மாவட்டங்களும் கல்வியிற் பின்தங்கிய பதினாறு மாவட்டங்களுள் அடங்குவன. அத்துடன் விழிப்புலனற்ற, உடற்குறையுடைய பரீட்சார்த்திகளுக்கென விசேட அனுமதி ஏற்பாடும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவினால் நடைமுறைப்படுத்தப்படுகின்றது. பதுளையில் 2005இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் முகாமைத்துவம், விஞ்ஞானம், தொழில்நுட்பம், ஏற்றுமதி விவசாயம் போன்ற துறைகளை ஆங்கில மொழியிற் கற்பிக்கின்றது. விழிப்புலனற்ற மாணவர் பெரும்பாலும் கலைத்துறையையே எடுப்பதால், தமிழில் அத்துறையைக் கற்க விரும்பும் பிள்ளை யாழ்ப்பாணத்தையோ பேராதனையையோ மட்டக்களப்பையோ நாடிச் செல்ல நேர்கின்றது. இடங் கிடைத்தாலும் இப்பிள்ளைகளுக்கு விடுதியே முதற்கேள்வியாகிவிடுவது இதனாலேதான்.

கட்டடங்களைப் பற்றிய சிறு கணக்கொன்று இவ்விடத்திற் பயன்படும். சக்கர நாற்காலி செல்லும் சரிவுப்பாதைக்கு ஓரலகு உயரத்துக்குப் பன்னிரண்டு அலகு நீளம் வேண்டும் என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட அளவு. ஆறு படிகளின் உயரம் ஏறத்தாழ 90 சென்ரிமீற்றர்; அதற்குப் பதினொரு மீற்றர் நீளமான சரிவு போதும். அறுபது படிகளுக்கோ நூறு மீற்றருக்கும் மேல் வேண்டும். ஆகவே லயத்துப் படிக்கட்டைச் சரிவுப்பாதையாக மாற்றுவது இலகுவன்று. விரிவுரை மண்டபத்து வாயிலை மாற்றுவது மிக இலகு. மேல்மாடியில் நடக்கும் விரிவுரையைக் கீழ்த்தளத்துக்கு மாற்றுவது அதனினும் இலகு. மின்தூக்கிக்குப் பணம் வந்து சேரும்வரை காத்திருக்கும் நிறுவனம், நேரசூசியில் ஓரறையின் இலக்கத்தை மாற்றினால் அன்றைக்கே ஒரு மாணவருக்கு வகுப்புக் கிடைக்கும் என்பதை மறந்துவிடுகின்றது. விடுதியிற் கீழ்த்தள அறை, அகன்ற கதவுள்ள மலகூடம், அவ்வறைக்கும் வகுப்புக்கும் இடையே மழையில் வழுக்காத நடைபாதை, இம்மூன்றும் கிடைத்துவிட்டால் கால் வலுக்குன்றிய மாணவரின் பெருங்கவலை தீரும்.

விழிப்புலனற்ற மாணவரின் தடை வேறு வகையானது, அதிகம் பேசப்படாதது. இக்காலத்தில் கணினித் திரையிலுள்ள எழுத்தை வாய்விட்டு வாசித்துக் காட்டும் மென்பொருள்கள் உள்ளன. அவுஸ்திரேலியாவில் விழிப்புலனற்ற இரு இளைஞர்கள் 2006இல் உருவாக்கத் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்னும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கின்றது. தமிழையும் அது வாசிக்கும். அப்படியாயின் தடை எங்கே? விரிவுரையாளர் தட்டச்சுச் செய்த முறையிலே உண்டு. இலங்கையிற் பெருவழக்காயுள்ள பாமினி என்னும் எழுத்துரு, ஆங்கில எழுத்துகளின்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்தியது போன்றது. கண்ணுக்கு ‘அம்மா’ என்று தோன்றுவது கணினிக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்பதே. வாசிக்கும் மென்பொருள் அவ்வாறே ஒலிக்கும். முப்பது பக்கக் குறிப்பு இவ்வண்ணம் வெறும் இரைச்சலாகிவிடும். நூற்பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினாலும் இதே கதிதான். படத்தில் எழுத்து இருப்பதைப் பார்க்கும் கண்ணே அறியும். அதே குறிப்பை யூனிகோட் முறையில் தட்டச்சுச் செய்து கொடுத்தால் செலவின்றி இடர் நீங்கும். செவிப்புலன் குன்றிய மாணவருக்கும் இதையொத்த சிறு ஒழுங்குகள் பெரும்பயன் தருவன. கரும்பலகையை நோக்கிப் பேசும் ஆசிரியரின் உதடுகளை அவரால் வாசிக்க முடியாது. முன்வரிசை ஆசனம், முன்கூட்டியே கொடுக்கப்படும் எழுத்துக் குறிப்பு, சைகைமொழி அறிந்தவருக்கு மொழிபெயர்ப்பாளர் ஆகியவை அவர் கேட்கக்கூடியவை.

பரீட்சையில் மேலதிக நேரம் கொடுப்பதைச் சலுகை என்று சிலர் முணுமுணுப்பதுண்டு. தோட்டத்தில் கொழுந்து நிறுப்பதைப் பார்த்தவருக்கு இதனை விளக்குவது இலகு. தராசில் ஏறும் சாக்கின் நிறையைக் கழித்த பின்னரே கொழுந்தின் நிறை கணக்கிடப்படுகின்றது. சாக்கு வேறு, கொழுந்து வேறு. பரீட்சை நிறுக்க வேண்டியது மாணவரின் அறிவை. எழுதும் கையின் வேகத்தையன்று. பார்வையற்ற மாணவர் வினாவைப் பிறர் வாசிக்கக் கேட்டு, விடையைச் சொல்லி, எழுதியதை மீண்டும் வாசிக்கச் செய்து திருத்த வேண்டும். அதற்குச் செல்லும் நேரத்தை ஈடுசெய்வதே மேலதிக நேரம். எவ்வளவு கழிப்பது என்பதிலேதான் கொழுந்து மடுவத்திலும் தகராறு, பரீட்சை மண்டபத்திலும் தகராறு. இலங்கைப் பரீட்சைத் திணைக்களம் விசேட தேவையுடைய பரீட்சார்த்திகளுக்குப் பிரெயில் வினாத்தாள், எழுதுவதற்கு உதவியாளர், மேலதிக நேரம் ஆகியவற்றை வழங்கி வருகின்றது. இந்திய உச்ச நீதிமன்றம் 2021 பெப்ரவரியில் அளித்த தீர்ப்பொன்று, குறைபாடு குறித்த சதவீதத்தை எட்டவில்லை என்ற காரணத்தால் மட்டும் எழுதும் உதவியாளரை மறுக்கலாகாது என்று கூறிற்று.

இலங்கையின் சட்டமும் மௌனமாக இல்லை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், குறைபாட்டைக் காரணங்காட்டிக் கல்வி நிறுவனமொன்றில் அனுமதி மறுப்பதைத் தடைசெய்கின்றது. பொதுக் கட்டடங்களின் அணுகல் வசதி பற்றிய ஒழுங்குவிதிகள் 2006இல் வெளிவந்தன. அவை ஏட்டளவில் நின்றபோது, 1992ஆம் ஆண்டு விபத்தொன்றினால் கால்களின் இயக்கத்தை இழந்த கலாநிதி அஜித் பெரேரா உயர் நீதிமன்றத்தை நாடினார். புதிய பொதுக் கட்டடங்கள் அவ்விதிகளைப் பின்பற்றியே ஆகவேண்டும் என்னும் கட்டளை 2011 ஏப்பிரலிற் பிறந்தது. மாற்றுத் திறனாளர் உரிமை பற்றிய ஐக்கிய நாடுகள் சாசனத்தை இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்தது. சட்டமிருந்தும் பழைய கட்டடங்களின் படிகள் அப்படியே கிடக்கின்றன என்பதை மறைப்பதற்கில்லை.

தோட்டத்துப் பெற்றோர் செய்யத்தக்கது யாது? பிள்ளையின் குறையை வெளியிற் சொன்னால் இடங் கிடைக்காது, அக்காளுக்கோ தங்கைக்கோ கலியாணம் தடைப்படும் என்று அஞ்சி மறைப்பது மலைநாட்டில் மட்டும் உள்ள வழக்கமன்று. ஆனால் மறைத்த குறைக்கு வசதி செய்வார் எவருமிலர். பரீட்சை வசதிகளுக்கு விண்ணப்பத்தோடேயே கேட்க வேண்டும். மண்டபத்தில் அமர்ந்தபின் கேட்டாற் பயனில்லை. பல்கலைக்கழகத்தில் அனுமதி கிடைத்தவுடன், வகுப்புகள் தொடங்குமுன், மருத்துவச் சான்றின் பிரதியுடன் பதிவாளருக்கு ஒரு மடல் எழுதுதல் வேண்டும். ‘உதவி செய்யுங்கள்’ என்று பொதுப்பட எழுதும் மடல் கோப்பில் உறங்கிவிடும். கீழ்த்தள விடுதி அறை, யூனிகோட் எழுத்திற் பாடக்குறிப்பு, பரீட்சையில் இவ்வளவு மேலதிக நேரம் என வேண்டியதைப் பெயர் சொல்லிக் கேட்கும் மடலுக்கு விடை எழுதியே ஆகவேண்டும். பிரதேச செயலகத்துச் சமூக சேவை உத்தியோகத்தரிடம் சக்கர நாற்காலி, ஊன்றுகோல், காதுக் கருவி முதலியவற்றுக்கு விண்ணப்பிக்கலாம். வறிய குடும்பத்துக்குரிய மாதக் கொடுப்பனவு பற்றியும் விசாரிக்கலாம். சிங்களத்தில் எழுதத் தெரியாது என்று தயங்குவோர் தோட்டங்களில் அநேகர். தமிழும் நாட்டின் அரசகரும மொழி. அம்மடல்களைத் தமிழிலேயே எழுதலாம்.