சனிக்கிழமைச் சம்பளம்

மேசன்மாரும் கையாட்களும் குடித்தே கெட்டார்கள் என்று சொல்லிப் பழகிவிட்டோம். குடிக்கு முந்திய மனச்சுமையை நாம் கணக்கெடுப்பதில்லை. சாரத்தில் நிற்பவருக்கு விழுந்துவிடுவோமோ என்ற பயத்தைவிட, சனிக்கிழமை வெறுங்கையோடு வீடு போகவேண்டிவருமோ என்ற பயமே பெரிது. வன்னியில் 2012 முதல் இந்திய வீடமைப்புத் திட்டத்தின்கீழ் வீட்டுக்காரரே கட்டிய வீடுகளுக்கு 550,000 ரூபாய் கட்டங்கட்டமாகவே கிடைத்தது. அத்திவாரம் முடித்து அடுத்த கட்டப் பணத்துக்காகக் காத்திருந்தவர் வீட்டுக்காரர் மட்டுமல்லர், மேசனுந்தான். 2022இல் ஒரு பை சீமெந்து 3,000 ரூபாயைத் தாண்டியபோது பல இடங்களில் வேலையே நின்றுபோனது.

இவர்கள் தாங்கிக்கொள்ளும் வழிகளும் உண்டு. பகிடி, பாட்டு, பத்துமணித் தேநீர், ஒரு பார்சலை இருவர் பங்கிட்டு உண்பது, உச்சிவெயிலுக்குமுன் கொங்கிறீற் போட்டு முடிப்பது, கூட நிற்பவரிடம் கைமாற்று. பின்நேரம் அதுவும் போதாமற் போகிறது. கடைக்காரர் அரிசியைக் கடனுக்குக் கொடுக்க யோசிப்பார். கசிப்பு விற்பவர் யோசிப்பதில்லை.

நமது பங்கு மண்டப வேலையிலும் ஒருமுறை சம்பளம் இரண்டு கிழமை பிந்தியது. அந்த நாட்களில்தான் அதே வேலையாட்களுக்கு மதுவொழிப்புக் கருத்தரங்கொன்றை நாம் ஒழுங்குசெய்துகொண்டிருந்தோம். இப்போது கல்லும் மணலும் பறிக்குமுன் இரண்டு கிழமைச் சம்பளத்தை ஒதுக்கிவைக்கிறோம். கருத்தரங்கை இன்னும் நடத்தவில்லை.