இடமா, வலமா? பேத்தியின் விளையாட்டு வண்டி சொன்ன பதில்



கண்டியிலிருந்து அக்குறணை வழியாக மாத்தளைக்குப் போகும் ஏ-9 வீதியில் பஸ் ஏறிய அனுபவம் உங்களுக்கு இருக்கும். முன்னால் ஒரு லேண்ட்மாஸ்டர் பெட்டியை இழுத்துக்கொண்டு போகும். பின்னால் பத்து வாகனங்கள் ஹோர்ன் அடித்தபடி ஊர்ந்து வரும். நேரமாகிறதே என்று நாமும் முணுமுணுப்போம். அந்த லேண்ட்மாஸ்டர் எப்படித் திரும்புகிறது என்று என்றைக்காவது உற்றுப் பார்த்திருக்கிறீர்களா?

காரில் முன் சக்கரங்கள் மட்டும்தான் திரும்பும். உடம்பு அப்படியே விறைப்பாக நிற்கும். லேண்ட்மாஸ்டரின் சக்கரங்கள் இரண்டும் திரும்பாது. இயந்திரத்துக்கும் பெட்டிக்கும் நடுவில் உள்ள மூட்டு மடிந்து, வண்டி முழுவதுமே இடுப்பை வளைத்துத்தான் திரும்பும். வீதி போடும்போது வரும் பெரிய ரோலர்களிலும் பலவற்றுக்கு இதே இடுப்பு உண்டு. நாம் பின்னால் திரும்பிப் பார்க்க இடுப்பை வளைப்பதில்லையா? அதே மாதிரித்தான்.

இந்த இடுப்பு மூட்டைப் பற்றி ஒரு குடும்பப் பத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறது. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக எங்கள் வீட்டில் கிடந்த ஒரு பழியை, பன்னிரண்டு வயதுப் பிள்ளை செய்த விளையாட்டு வண்டி ஒன்று துடைத்துப் போட்டது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

வாப்பாவின் மேல் விழுந்த பழி

1996-ம் ஆண்டு. வயலில் சூடடித்து முடிந்த நேரம். என் வாப்பா ஒருவரிடம் லேண்ட்மாஸ்டரை இரவல் வாங்கி, நெல் மூடைகளைப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கினார். சமவெளியில் ஓட்டிப் பழகியவர். மலைப் பாதையில் பாரத்தோடு இறங்கியது அன்றுதான் முதல் தடவை.

பாதை இடப்பக்கம் வளைந்தது. வாப்பா இடப்பக்க லிவரை அழுத்தினார். வண்டி வலப்பக்கம் பாய்ந்து, கீழே இருந்த வயலில் குப்புற விழுந்தது. வாப்பாவின் கால் முறிந்தது. உம்மாவின் கையிலிருந்த இரண்டு காப்புகளும் வண்டி திருத்தக் கொடுத்த பணமாக மாறின.

அதற்குப் பிறகு வந்த பேச்சுத்தான் பெரிய வேதனை. “இடது வலது தெரியாத மனிசன்” என்று சொந்தக்காரர்களே சிரித்தார்கள். “நான் இடது பக்கத்தைத்தான் புடிச்சேன்” என்று வாப்பா சொல்லிச் சொல்லிக் களைத்துப் போனார். கடைசியில், “பயத்துல கை மாறியிருக்கும்” என்று தானே ஒப்புக்கொண்டு விட்டார். உம்மா ஒரு நாளும் குத்திக் காட்டியதில்லை. ஆனாலும் வெறுங்கையைப் பார்க்கும்போதெல்லாம் வாப்பா தலையைக் குனிந்துகொள்வார். அதன் பிறகு அவர் எந்த வண்டியின் கைப்பிடியையும் தொடவில்லை.

ஒரு பை நிறைய லெகோ

இனி என் மகளின் கதைக்கு வருவோம். கட்டாரில் வேலை செய்யும் அவளுடைய மாமா, ஒருவர் பாவித்த லெகோக் கட்டைகளை ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். லெகோ என்பது டென்மார்க்கின் பில்லுண்ட் என்ற ஊரில், ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர் 1932-ல் தொடங்கிய நிறுவனம். இன்றைக்கு நாம் பார்க்கும் கட்டையின் வடிவம் 1958-ல் வந்தது. பற்சக்கரமும் அச்சும் சேர்ந்த வகை 1977-ல் வந்தது. கட்டையின் மேலே உள்ள குமிழ் ஒன்றிலிருந்து அடுத்த குமிழுக்குத் தூரம் எப்போதும் 8 மில்லிமீட்டர். அதனால்தான் பழைய கட்டையும் புதிய கட்டையும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன.

“ஆம்பிளப் புள்ளைகள்ட சாமான் இவளுக்கு எதுக்கு?” என்று வீட்டில் கேட்டார்கள். உண்மையைச் சொல்வதானால் நானும் அப்படித்தான் நினைத்தேன். மகள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெளிநாட்டுப் பெரிய பண்ணைகளில் ஓடும், நடுவில் மடிந்து திரும்பும் உழவு இயந்திரம் ஒன்றின் படத்தைப் பார்த்து, அதைச் செய்யத் தொடங்கினாள். அந்த வகையில் ஒன்றான ஜோன் டியர் 9620ஆர் இயந்திரத்தின் மாதிரியை லெகோ நிறுவனமே 2022-ல் வெளியிட்டிருக்கிறது. மகளிடம் அந்தப் பெட்டி இல்லை. கையில் இருந்ததை வைத்துத்தான் செய்தாள்.

நான்கு தடவை பிழைத்தது

முதல் தடவை முன்பாதியையும் பின்பாதியையும் ஒரே ஒரு முளையால் இணைத்தாள். தூக்கியதும் நடுவில் தொங்கியது. “கதவுக்கு ஒரு பிணைச்சல் மட்டும் போட்டா நிக்குமா மகள்?” என்று நான் சொன்னேன். உடனே பிடித்துக்கொண்டாள். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று ஒரே நேர்கோட்டில் இரண்டு முளைகள் வைத்தாள். தொங்கல் நின்றது. வண்டி செய்யும் வேலையில் நான் சொன்ன முதல் யோசனை அது! எனக்கே பெருமையாக இருந்தது.

இரண்டாவது பிழை, மூட்டு இருந்த இடம். முன் சக்கரங்களுக்குக் கிட்டவாக வைத்திருந்தாள். மா அரித்து மிஞ்சிய கப்பியைச் சஹனில் மெல்லியதாகத் தூவி, அதன் மேல் வண்டியை வட்டமாக ஓட்டிப் பார்த்தோம். முன் சக்கரம் ஒரு வட்டம் போட்டது. பின் சக்கரம் அதற்கு உள்ளே வேறொரு வட்டம் போட்டது. மூட்டைச் சரி நடுவுக்குக் கொண்டுவந்த பிறகு, பின் சக்கரம் முன் சக்கரத்தின் தடத்திலேயே வந்தது. இந்த வகை இயந்திரத்தின் பெரிய நன்மையே இதுதான். சேற்றில் முன் சக்கரம் அமுக்கிய தடத்திலேயே பின் சக்கரமும் போகும்.

அளந்தும் பார்த்தோம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையில் 16 குமிழ்த் தூரம், அதாவது 12.8 சென்டிமீட்டர். இடுப்பு 40 பாகை மடிந்தால், வண்டியின் நடுக்கோடு போடும் வட்டத்தின் ஆரை ஏறக்குறைய 17½ சென்டிமீட்டர். சஹனுக்குள்ளேயே வட்டம் அடங்கிவிட்டது.

மூன்றாவது பிழை, பின் சக்கரத்துக்குப் போகும் சுழல் அச்சு. நேராகப் போகும்போது சுழன்றது. இடுப்பை வளைத்ததும் முறுகி நின்றது. லொறிகளின் அடியில் இருக்கும் யுனிவர்சல் ஜொயின்டின் சின்ன வடிவம் ஒன்று பைக்குள் கிடந்தது. அதை இரண்டு முளைகளுக்கும் நடுவில், மூட்டின் நேர்கோட்டிலேயே வைக்க வேண்டும். இரண்டு குமிழ் தள்ளி வைத்தாலும் அச்சு இழுபடும்.

நான்காவது பிழை, திருப்பும் கைப்பிடி. சாதாரணப் பற்சக்கரம் வைத்தபோது, சக்கரம் ஒரு தடையில் மோதியதும் இடுப்பு தானாக மடிந்துவிட்டது. அதற்குப் பதிலாகத் திருகாணி போலப் புரி ஓடிய ‘வோர்ம்’ பற்சக்கரத்தை வைத்தாள். அது 24 முறை சுழன்றால்தான் 24 பல் உள்ள சக்கரம் ஒரு முறை சுழலும். நாம் திருகினால் அது சக்கரத்தைத் திருப்பும். சக்கரம் தள்ளினால் அது அசையாது. போத்தல் மூடியை நாம் திருகிக் கழற்றலாம், ஆனால் உள்ளிருந்து தள்ளினால் தானாகத் திருகிக் கழன்று வராது அல்லவா? அதுபோலத்தான்.

“இறக்கத்துல விட்டுப் பாரு”

வண்டி ஓடியது. உம்மாவின் வாப்பாவை எங்கள் பிள்ளைகள் ‘அப்பா’ என்றுதான் கூப்பிடுவார்கள். கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பா மெதுவாகச் சொன்னார்: “இது லேண்ட்மாஸ்டர் பெட்டியோட போற மாதிரித்தானே இருக்கு. இறக்கத்துல விட்டுப் பாரு மகள்.”

மகள் முன்பாதியைக் கழற்றி ஒரு லேண்ட்மாஸ்டராகவே மாற்றினாள். இரண்டு சக்கரங்களுக்கும் தனித்தனி அரை அச்சு. கையால் சுழற்றும் வோர்ம் சக்கரத்திலிருந்து இரண்டுக்கும் வேகம் போகும். ஒரு பக்கப் பற்சக்கரத்தைத் தள்ளிவிட்டால் அந்தப் பக்கச் சக்கரம் பிடி விட்டுச் சும்மா உருளும். லேண்ட்மாஸ்டரின் பக்க லிவர் செய்வதும் இதையேதான்.

முதலில் சமமான மேசையில் ஓட்டினாள். இடப்பக்கப் பிடியை விட்டாள். வலச் சக்கரம் மட்டும் தள்ள, வண்டி இடப்பக்கம் திரும்பியது. எல்லாரும் அறிந்ததுதான்.

அடுத்து நான்கு பாடப் புத்தகங்களின் மேல் ஒரு பலகையைச் சாய்த்து, அது வழுக்காமல் இருக்கத் துணி விரித்தாள். பெட்டிக்குள் பாரத்துக்குப் பருப்பைக் கொட்டினாள். மேலிருந்து இறக்கி, நடுவில் அதே இடப்பக்கப் பிடியை விட்டாள்.

வண்டி வலப்பக்கம் திரும்பிப் பலகையின் விளிம்பால் விழுந்தது. பருப்பு நிலமெல்லாம் சிதறியது.

யாரும் பேசவில்லை. மகள் திரும்பவும் விட்டாள். திரும்பவும் வலப்பக்கம். மூன்றாம் தடவையும் வலப்பக்கம்தான்.

காரணம் விளங்குகிறதா சகோதரிகளே? சமவெளியில் எஞ்சின் சக்கரத்தைத் தள்ளுகிறது. இறக்கத்தில் பெட்டியின் பாரம் வண்டியைத் தள்ளுகிறது, எஞ்சினோ பிடித்து நிறுத்தப் பார்க்கிறது. அந்த நேரம் இடப்பக்கப் பிடியை விட்டால், இடச் சக்கரம் கட்டவிழ்ந்து முன்னால் ஓடும். வலச் சக்கரம் எஞ்சினின் பிடியில் பின்தங்கும். வண்டி வலப்பக்கம் சுழலும். பின்னாலிருந்து பெட்டியும் தள்ளுவதால் இடுப்பு மூட்டு இன்னும் வேகமாக மடியும்.

வாப்பாவின் கை மாறவில்லை. அவர் சரியாக இடது லிவரைத்தான் பிடித்திருக்கிறார்! இறக்கத்தில் அந்த லிவர் எதிர்ப்பக்கம் வேலை செய்யும் என்பதை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

வாப்பா அந்தச் சின்ன வண்டியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். குசினி வாசலில் நின்ற உம்மா, “நான் அண்டைக்கே நம்பினேன்” என்று மட்டும் சொன்னார். பிறகு கீழே குனிந்து பருப்பைப் பொறுக்கத் தொடங்கினார். வாப்பாவும் குனிந்து சேர்ந்து பொறுக்கினார்.

செய்தவரே திரும்பிப் பார்த்தார்

லேண்ட்மாஸ்டரோடு நம் நாட்டவர் ஒருவரின் பெயரும் சேர்ந்திருக்கிறது. 1924-ல் பிறந்த பொறியியலாளர் ரே விஜேவர்தன கேம்பிரிட்ஜில் படித்தவர். சிறு வயல்களுக்கு ஏற்ற இரு சக்கர உழவு இயந்திரமாக 1950களில் அதை உருவாக்கியதில் பெரும் பங்கு அவருடையது. அது இங்கே எவ்வளவு பரவியது என்றால், வேறு நிறுவனத்தின் இயந்திரத்தையும் நம் சனங்கள் லேண்ட்மாஸ்டர் என்றே சொல்வார்கள். 2010-ல் காலமான அவர், பிற்காலத்தில் தன் கண்டுபிடிப்பைத் தானே கேள்வி கேட்டார். எருமை செய்த வேலையை இயந்திரத்துக்கு மாற்றினோமே தவிர, மண்ணுக்கு நன்மை செய்தோமா என்று யோசித்து, நிலத்தை உழாமலே பயிரிடும் முறைகளில் இறங்கினார். தான் செய்ததையே சோதித்துப் பார்க்கும் மனம் பெரிய மனம். நம் பிள்ளைகளுக்கும் அது வேண்டும்.

உங்கள் வீட்டுக்குச் சில வார்த்தைகள்

லெகோ வாங்க வசதி இல்லையா? பரவாயில்லை. இரண்டு தீப்பெட்டி, ஐஸ்கிறீம் குச்சி, பழைய இறப்பர் செருப்பில் வெட்டிய சக்கரம், நடுவில் ஒரு ஊசி. இடுப்பு மூட்டை விளங்கிக்கொள்ள இவையே போதும். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் இருக்கும் வீட்டில் சின்னத் துண்டுகளைக் கைக்கெட்டாமல் வையுங்கள். வாயில் போட்டால் ஆபத்து.

உங்கள் வீட்டில் யாராவது லேண்ட்மாஸ்டர் ஓட்டுகிறார்களா? இதை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். இறக்கம் தொடங்கும் முன்பே குறைந்த கியருக்கு மாற்ற வேண்டும். பாதி வழியில் கியர் மாற்றக் கூடாது. பக்க லிவரைத் தொடாமல், கைப்பிடியைத் தள்ளியே மெதுவாகத் திருப்ப வேண்டும். லிவரைத் தொட்டே ஆக வேண்டுமானால், திரும்பும் பக்கத்துக்கு எதிர்ப்பக்க லிவர்தான். பாரத்தின் மேல் பிள்ளைகளை ஏற்றவே கூடாது.

இன்னொன்றும் சொல்கிறேன். பெண் பிள்ளை ஒரு பற்சக்கரத்தைக் கையில் எடுத்தால் “அது உனக்கெதுக்கு?” என்று கேட்டுவிடாதீர்கள். நான் கேட்டுத் தடுத்திருந்தால், என் வாப்பா இன்றைக்கும் தலை குனிந்தபடியேதான் இருந்திருப்பார்.

போன மாதம் பக்கத்து வீட்டுப் பொடியன் ஒருவன் புதிதாக லேண்ட்மாஸ்டர் ஓட்டத் தொடங்கினான். வாப்பா அவனைக் கூப்பிட்டு முன்னால் உட்கார வைத்தார். “மகள், அந்தப் பலகையைக் கொண்டு வா” என்றார். மகள் பலகையைக் கொண்டு வந்தாள். உம்மா கேட்காமலே பருப்பை எடுத்துக் கொடுத்தார்.