ஒரு செல், ஒரே ஒரு துகள்

நீலகிரியின் தேவர்சோலையில் நிற்கும் உங்கள் விரித்த உள்ளங்கை வழியாக, விநாடிக்கு ஏறக்குறைய ஒரு மியூவான் பாய்ந்துகொண்டிருக்கிறது. காஸ்மிக் கதிர்கள் காற்று மண்டலத்தில் மோதும்போது பிறக்கும் துகள் இது. ஊட்டியில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம் 560 சதுர மீட்டர் பரப்பில் இவற்றை எண்ணுகிறது. உடலின் ஒரு செல்லில் மியூவான் விட்டுச்செல்லும் ஆற்றல் சொற்பம், அஞ்ச வேண்டாம்.

ஆல்ஃபா துகள் அப்படியல்ல. மண்ணிலிருந்து கசியும் ரேடான் வாயுவை மூச்சில் இழுத்தால், அது வெளியிடும் ஆல்ஃபா துகள் நுரையீரல் செல்லைத் துளைக்கலாம். அடிபடும் செல்லுக்குப் பெரும்பாலும் வாழ்நாளில் ஓர் அடிதான். அந்த ஓர் அடி என்ன செய்யும்?

அதை அறிய, செல்லைக் குறிபார்த்துத் தாக்க வேண்டும். 1953-இல் சிகாகோவில் ஸர்கிள், புளூம் என்ற ஆய்வாளர்கள் உயிருள்ள செல்லின் ஒரு பகுதியில் மட்டும் புரோட்டான் கற்றையைப் பாய்ச்சினார்கள். பின்னர் இதற்கென வந்த கொலம்பியா பல்கலைக்கழகக் கருவி இன்னும் துல்லியமானது. மெல்லிய பிளாஸ்டிக் படலத்தில் வளர்ந்த செல்களின் உட்கரு, சாயமேற்றியதால் நுண்ணோக்கியில் ஒளிரும். கணினி ஒவ்வொன்றையும் சில மைக்ரோமீட்டர் அகலமுள்ள கற்றைக்கு நேராக நகர்த்தும். ஒரு துகள் கடந்ததும் அடைப்பு மூடிக்கொள்ளும்; உடனே அடுத்த செல்.

1997-இல் அங்கே கண்டது: உட்கருவில் ஓர் ஆல்ஃபா துகள் வாங்கிய செல்களில் சுமார் 80 விழுக்காடு பிழைத்தன; ஆனால் மரபணு மாற்றம் இயல்பைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. சாகாமல், மாறிப் பெருகும் செல்தான் கவலைக்குரியது. 2000-இல் வந்த முடிவு அதைவிட முக்கியம். ஐந்தில் ஒரு பங்குச் செல்களை மட்டும் தாக்கியும், மாற்றங்கள் எதிர்பார்த்ததைப் போல மூன்று மடங்கு. துகளே படாத அண்டைச் செல்களும் மாறியிருந்தன.

அடிபட்ட செல்களை மட்டும் எண்ணிக் கதிர்வீச்சின் பாதிப்பைக் கணக்கிட முடியாது.