கடைக் கணினியும் குக்கீயும்

பில் போடும் கணினியிலேயே நாம் வங்கிக் கணக்கும் பார்க்கிறோம், ஜி.எஸ்.டி. கணக்கும் தாக்கல் செய்கிறோம். மதியம் கூட்டம் குறைந்தால் பையன்கள் அதிலேயே படமும் பார்க்கிறார்கள். கோபித்துப் பயனில்லை. அதற்குத் தக்கபடி கணினியை அமைத்துக் கொள்வோம்.

குக்கீ என்பது சைக்கிள் ஸ்டாண்டு டோக்கன் மாதிரி. நாம் பார்க்கும் இணையதளம், நம்மை மறுபடி அடையாளம் காண நம் கணினியில் வைக்கும் சிறு குறிப்பு அது. 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மொந்துல்லி இதை உருவாக்கியதே இணையக் கடைக்காகத்தான். வாங்குபவர் கூடையில் போட்டதை அவர் கணினியே நினைவில் வைக்கட்டும் என்பது ஏற்பாடு. நம் தொழிலில் பிறந்த சரக்குதான்!

டோக்கன் யார் கையில் இருக்கிறதோ அவருக்கே வண்டி. ஆபத்தும் அங்கேதான். திருட்டு நகல் மென்பொருளோடு வரும் வைரஸ், மின்னஞ்சலின் குக்கீயைக் கொண்டுபோனால், திருடனுக்குக் கடவுச்சொல் தேவையில்லை, பெரும்பாலும் ஓ.டி.பி.யும் கேட்காது. நம் பெயரிலேயே பார்ட்டிகளுக்கு, "பணத்தை இந்தப் புதுக் கணக்கில் போடுங்கள்" என்று எழுதிவிடுவான். ஆகவே வேலை முடிந்ததும் ஜன்னலை மூடினால் போதாது, 'லாக் அவுட்' செய்ய வேண்டும். பையன்களுக்கு விண்டோஸில் தனிப் பயனர் கணக்கு கொடுத்துவிடுங்கள்.

இன்னொரு வகை, விளம்பரக் கம்பெனிகள் வைக்கும் மூன்றாம் தரப்புக் குக்கீ. நாம் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறோம் என்று பின்தொடர்வது இதுவே. சஃபாரி 2020 முதல் இதைத் தானாகவே தடுக்கிறது. குரோமில் நிறுத்தப்போவதாகச் சொன்ன கூகுள், 2024இல் பின்வாங்கியது. எனவே குரோம் வைத்திருப்போர் அமைப்புகளில் 'தனியுரிமையும் பாதுகாப்பும்' பகுதிக்குப் போய் நாமேதான் தடுக்க வேண்டும். எல்லாக் குக்கீயையும் தடுத்துவிடாதீர்கள். வங்கித் தளமே உள்ளே விடாது.

ஆபாசத் தளங்களையும் வைரஸ் தளங்களையும் தடுப்பது வேறு வேலை. காசு கொடுத்து மென்பொருள் வாங்குமுன், ரௌட்டரில் டி.என்.எஸ். என்ற இடத்தில் 1.1.1.3 என்றும், இரண்டாவதாக 1.0.0.3 என்றும் போட்டுப் பாருங்கள். கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் இலவசச் சேவை இது. கடை வைஃபையில் வரும் கைப்பேசிகளுக்கும் சேர்த்தே வடிகட்டும். பையன் தன் சொந்த டேட்டாவில் பார்ப்பதை இது தடுக்காது. ரௌட்டரின் கடவுச்சொல் 'அட்மின்' என்றே இருந்தால், அதையும் கையோடு மாற்றிவிடுங்கள்.