டொமைன் யார் பேரில் இருக்கிறது?

சென்னிமலையில் போர்வை, பெட்ஷீட் மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர் ஈரோட்டில் இருக்கும் என் ஆபீசுக்கு வந்தார். கையில் ஒரு பில் புக்கும் அட்டைப்பெட்டியிலிருந்து கிழித்த மூடியும். இரண்டிலும் கடையின் வெப்சைட் முகவரி அச்சாகியிருந்தது. "இதைப் போட்டுப் பாருங்க" என்றார். போட்டேன். போர்வை எதுவும் வரவில்லை. பணம் கட்டி ரம்மி ஆடக் கூப்பிடும் பக்கம் வந்தது.

"கடைப் பேரு எங்கப்பா வச்சதுங்க. அதை எப்படிங்க இன்னொருத்தன் எடுத்துக்க முடியும்?"

முடியும். சிறு வியாபாரிகளுக்கு வெப்சைட் செய்துகொடுப்பது என் தொழில். கலர், டிசைன் பற்றிப் பேசுவதற்கு முன்னால் டொமைன், அதாவது அந்த வெப்சைட் பெயர், யார் பேரில் பதிவாகிறது என்று பேசியாக வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

இணையத்தில் ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றைத் தேடிப் போவது எண்ணை வைத்துத்தான். நான்கு எண்கள், நடுவில் புள்ளிகள், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. அதுதான் ஐ.பி. முகவரி. இந்த முறையில் மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகள்தான் தேறும். உலகத்துக்கே பங்கு போட்டுக் கொடுக்கிற மையக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துபோயிற்று. ஐபிவி6 என்ற மிகப் பெரிய எண்முறை வந்துவிட்டது. பழையதும் கூடவே ஓடுகிறது. முகவரித் தட்டுப்பாட்டால் ஒரே சர்வரில், ஒரே எண்ணில், நூற்றுக்கணக்கான கடைகளின் வெப்சைட்டுகள் குடியிருக்கின்றன. எந்தக் கடையைக் கேட்டு ஆள் வந்திருக்கிறார் என்பதைப் பெயரை வைத்துத்தான் சர்வர் கண்டுகொள்ளும். ஆகவே சின்ன வியாபாரிக்குப் பெயர்தான் சொத்து. சர்வரை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் காலத்தில் பெயர்களும் எண்களும் ஒரே கோப்பில் இருந்தன. கலிபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் எலிசபெத் ஃபைன்லர் தலைமையிலான குழு அதைப் பராமரித்தது. புதிதாக ஒரு கம்ப்யூட்டரைச் சேர்க்க வேண்டுமென்றால் அவர்களிடம் சொல்லிப் பதிய வேண்டும். மற்ற எல்லோரும் அவ்வப்போது அந்தக் கோப்பை இறக்கி வைத்துக்கொள்வார்கள். கம்ப்யூட்டர்கள் பெருகப் பெருக இது கட்டுப்படியாகவில்லை. 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த டி.என்.எஸ். முறையில், முழுப் பட்டியலை யாருமே வைத்திருக்க வேண்டியதில்லை. அவரவர் தமக்குக் கீழே இருப்பவரை மட்டும் தெரிந்து வைத்திருந்தால் போதும். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அடிப்படை மாறாமல் ஓடுகிற இந்த யோசனை மேல் எனக்கு இன்றைக்கும் பிரமிப்புதான்.

நீங்கள் போனில் ஒரு '.காம்' முகவரியைத் தட்டுகிறீர்கள். போன் முதலில் தன் நினைவில் தேடும். இல்லையென்றால் உங்கள் இணைய நிறுவனத்தின் சர்வரைக் கேட்கும். அதற்கும் தெரியாவிட்டால் பெயரை வலக்கோடியிலிருந்து விசாரிக்கத் தொடங்கும். உச்சியில் ரூட் சர்வர்கள். ஏ முதல் எம் வரை பதின்மூன்று பெயர்கள். ஆனால் அந்தப் பெயர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சர்வர்கள் உலகம் முழுக்க இயங்குகின்றன. சென்னிமலைக் கடையைப் பற்றி ரூட்டுக்கு ஒன்றும் தெரியாது. ".காம் விவகாரமெல்லாம் வெரிசைன் நிறுவனத்தின் சர்வர்களிடம் கேள்" என்று அனுப்பிவிடும். வெரிசைன் சர்வர், அந்தக் கடைக்கு எந்த நேம்சர்வர் என்று சொல்லும். நேம்சர்வர்தான் கடைசியில் எண்ணைக் கொடுக்கும். கண் இமைப்பதற்குள் இத்தனையும் நடந்துவிடும். கிடைத்த பதிலைக் குறிப்பிட்ட நேரத்துக்கு எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்வார்கள். சர்வர் மாற்றிய பிறகு சிலருக்குப் புதுப் பக்கமும் சிலருக்குப் பழைய பக்கமும் தெரிவது இதனால்தான். அந்தச் சில மணி நேரத்தில் எனக்கு வரும் போன் கொஞ்சநஞ்சமில்லை.

இந்தச் சங்கிலியில் உங்கள் கடை என்பது வெரிசைனின் பதிவேட்டில் ஒரு வரி. அதை ரெஜிஸ்ட்ரார் என்ற நிறுவனம் மூலமாக, ஒரு முறைக்கு அதிகபட்சம் பத்து ஆண்டுகளுக்குத்தான் எடுக்க முடியும். நிலத்தில் குத்தகைதாரர் மாதிரி. காலம் முடிவதற்குள் பணம் கட்டினால் தொடரலாம். உங்கள் அப்பா வைத்த பேர் என்பதெல்லாம் பதிவேட்டுக்குத் தெரியாது.

சென்னிமலைக்காரருக்கு வெப்சைட் போட்டுக்கொடுத்த பையன் டொமைனைத் தன் பேரில், தன் மெயிலில் பதிந்திருந்தான். கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. அவசரத்தில் பலரும் இப்படித்தான் செய்கிறார்கள். பிறகு வெளிநாட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டான். ரெனிவல் நினைவூட்டல்கள் அவன் திறக்காத பழைய மெயிலுக்கே போய்க்கொண்டிருந்தன.

தேதி முடிந்ததும் உடனே பறிபோவதில்லை. '.காம்' பெயருக்கு ரெஜிஸ்ட்ராரைப் பொறுத்து 45 நாள் வரை அவகாசம் கிடைக்கலாம். அடுத்த 30 நாளில் கூடுதல் அபராதம் கட்டி மீட்கலாம். அதற்குப் பிறகு 5 நாள், யாரும் தொட முடியாது. பின்பு யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். அந்த நொடிக்காகவே மென்பொருளோடு காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். பழைய கடையின் பெயரைத் தேடி வரும் கூட்டம் அவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கிறது.

இதில் பெரியவர், சிறியவர் கிடையாது. 1999 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட், ஹாட்மெயில் லாகினுக்குப் பயன்பட்ட தன் பாஸ்போர்ட் டொமைனுக்குப் பணம் கட்ட மறந்து, கிறிஸ்துமஸ் சமயத்தில் ஹாட்மெயில் தடுமாறியது. சம்பந்தமே இல்லாத ஒரு புரோகிராமர் தன் கார்டில் 35 டாலர் கட்டித்தான் அதைச் சரிசெய்தார்.

வெப்சைட் போனதைவிட எனக்குக் கவலை தந்தது மெயில். டொமைன் கை மாறினால் அந்தப் பெயரில் உள்ள மெயிலும் கை மாறும். புது ஆள் விரும்பினால் கடை முகவரிக்கு வரும் ஆர்டர், பில், பாஸ்வேர்டு மாற்றும் இணைப்பு எல்லாம் அவனுக்கே போகும். அன்றைக்கு நாங்கள் முதலில் செய்தது, பேங்க் கணக்கிலும் ஜி.எஸ்.டி. பதிவிலும் கொடுத்திருந்த மெயில் முகவரியை மாற்றியதுதான்.

பெயரைத் திரும்பப் பெற வழி இருக்கிறது. ஜெனீவாவில் உள்ள உலக அறிவுசார் சொத்து அமைப்பில் புகார் கொடுக்கலாம். கட்டணமே 1,500 டாலர். அதற்கு மேல், எடுத்தவன் கெட்ட எண்ணத்தோடு எடுத்தான் என்று நிரூபிக்கவும் வேண்டும். அவர் அதற்குப் போகவில்லை. அவர் பேரிலேயே, அவருடைய சொந்த மெயிலில் புதிதாக ஒரு '.இன்' பெயர் எடுத்து ஐந்து ஆண்டுக்குப் பணம் கட்டினோம். அட்டைப்பெட்டிகளில் பழைய முகவரி மேல் ஸ்டிக்கர் ஒட்டினார்கள்.

வெப்சைட் வைத்திருப்பவர்கள் இன்றே பாருங்கள். டொமைன் பெயர் முறையை மேற்பார்க்கும் ஐகேன் அமைப்பின் இணையதளத்தில் உங்கள் டொமைனைத் தேடினால் ரெஜிஸ்ட்ரார் யார், என்றைக்கு முடிகிறது என்று காட்டும்; சொந்தக்காரர் பெயர் பெரும்பாலும் மறைந்திருக்கும். எனவே அந்த ரெஜிஸ்ட்ராரிடம் உங்களால் லாகின் செய்ய முடிகிறதா, அங்கே இருப்பது உங்கள் மெயிலா என்று சோதியுங்கள். இல்லையென்றால் செய்துகொடுத்தவரைக் கூப்பிட்டு, உங்கள் கணக்குக்கு மாற்றித் தரவோ, வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்றிக்கொள்ளத் தேவையான ஆத் கோடு தரவோ சொல்லுங்கள். அவர் இழுத்தடித்தாலும், திரையில் தெரிகிற அந்தக் கடைசித் தேதிக்கு முன்னால் பேசி முடித்துவிடுங்கள்.