பாட்டியின் மதிப்பெண் ஏன் குறைகிறது?

பத்துச் சொற்களை வாசித்துக் காட்டி உடனே திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். சற்று நேரம் கழித்து அதே சொற்களை மறுபடி கேட்பார்கள். ஒரு நிமிடத்துக்குள் எத்தனை விலங்குகளின் பெயர் வருகிறது என்று எண்ணுவார்கள். ‘லாசி’ எனப்படும் இந்திய முதுமை ஆய்வு, 2017-18இல் 45 வயது கடந்தவர்கள், அவர்களுடைய துணைவர்கள் என 72 ஆயிரத்துக்கும் அதிகமானோரிடம் இப்படித்தான் அறிவுத்திறனைச் சோதித்தது. வயது ஏற ஏற மதிப்பெண் இறங்கியது. ஆண்களைவிடப் பெண்கள் பின்தங்கினார்கள். இதைப் பார்த்ததும் ‘மூப்பு பெண்ணின் மூளையைத்தான் அதிகம் தின்கிறது’ என்று சொல்லிவிடத் தோன்றும். அது அவசர முடிவு.

தேனி மாவட்டத்துப் பொட்டிப்புரத்தில் இன்று எண்பதைத் தாண்டிய ஒரு பெண் இந்தச் சோதனைக்கு உட்கார்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் சிறுமியாக இருந்த 1951இல், எழுத்தறிந்த இந்திய ஆண்கள் நூற்றுக்கு 27 பேர். பெண்களில் 9 பேர்கூட இல்லை. கேட்டதை மனதில் அடுக்கி, அந்நியர் முன் உடனே ஒப்பிப்பது பள்ளிக்கூடம் பழக்கிவிடும் வேலை. அவர் பழகியதோ வேறு. போடி மலை ஏலத்தோட்டத்தில் விளைந்த காயை மட்டும், பக்கத்துப் பிஞ்சு உதிராமல் விரைந்து எடுக்கக் கண்ணும் கையும் கூர்மையாக வேண்டும். அந்தக் கூர்மைக்கு இந்தச் சோதனையில் மதிப்பெண் இல்லை. ஆக, எழுபது வயதுக்காரரையும் ஐம்பது வயதுக்காரரையும் ஒரே நாளில் சோதித்து ஒப்பிடும்போது, மூப்பின் வேலையோடு இரண்டு தலைமுறைகளின் கல்வி வித்தியாசமும் கலந்துவிடுகிறது. அமெரிக்காவின் சியாட்டிலில் 1956இல் கே. வார்னர் ஷாயி தொடங்கிய ஆய்வு இதைத் தெளிவாக்கியது. அதே ஆட்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து சோதித்தபோது, விரைவு முன்னதாகவே குறைந்தாலும் பெரும்பாலான திறன்கள் அறுபது வயதுவரை பெரிதாகச் சரியவில்லை.

‘கல்வியைக் கழித்துவிட்டாலும் ஆண், பெண் மூளை வேறுதானே?’ என்று கேட்கலாம். ராஜஸ்தான், பஞ்சாப், கர்நாடகம், கேரளம் ஆகிய நான்கு மாநிலங்களில் 2010இல் நடந்த லாசி முன்னோட்டத்தில் இதற்கு விடை இருக்கிறது. கல்வி, உடல்நலம், சமூகத்தில் பழகும் வாய்ப்பு ஆகியவற்றைக் கணக்கில் சேர்த்ததும் தென் மாநிலங்களில் இடைவெளி மறைந்தது. வடக்கில் மட்டும் மிச்சம் நின்றது. மூளையின் இயற்கைதான் காரணம் என்றால் அது விந்திய மலையைத் தாண்டியதும் மாறுவானேன்? ஐரோப்பாவில் வாழ்க்கை வசதியும் படிப்பும் பெருகியபோது, சொற்களை நினைவில் வைக்கும் சோதனையில் பெண்கள் ஆண்களை மிஞ்சும் அளவு கூடியது. கணக்கில் பின்தங்கிய அளவு சுருங்கியது. ‘கெட்டிக்காரப் பிள்ளைகளைத்தானே படிக்க வைத்தார்கள், அதனால் மதிப்பெண் கூடியிருக்கும்’ என்பது இன்னொரு வாதம். ஆண்பிள்ளைகள் விஷயத்தில் ஓரளவு பொருந்தலாம். அந்தக் காலத்துப் பெண்பிள்ளையின் படிப்பைத் தீர்மானித்ததோ அவளுடைய புத்தி அல்ல. பள்ளியின் தூரம், வீட்டு வேலை, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமை, வயதுக்கு வந்த நாள் ஆகியவைதான்.

அதற்காகச் சோதனையையே தூக்கி எறிய முடியாது. 2023இல் வெளியான மதிப்பீட்டின்படி, இந்தியாவில் அறுபது வயது கடந்தவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் மறதிநோய் இருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். நோயை முன்கூட்டிக் கண்டுபிடிக்க ஏதோ ஓர் அளவுகோல் வேண்டும். எழுதப்படிக்கத் தெரியாதவர்களுக்காக ஹரியானாவின் பல்லப்கரில் உருவாக்கிய சோதனை நல்ல முன்மாதிரி. ‘கண்ணை மூடுங்கள்’ என்ற வரியைப் படித்துச் செய்யச் சொல்லும் மேலைநாட்டுக் கேள்விக்குப் பதிலாக, சோதிப்பவர் தன் கண்ணை மூடிக் காட்டி அதுபோலச் செய்யச் சொல்கிறார். லாசியின் மறதிநோய்ப் பிரிவு அந்தச் சோதனையோடு நிற்காமல், உடன் வாழும் ஒருவரிடமும் விசாரிக்கிறது: முன்பு செய்த வேலைகளை இப்போதும் செய்கிறாரா, பேச்சில் தடுமாற்றம் தெரிகிறதா என்று. பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்க்காத ஒருவரை, அவருடைய முந்தைய நிலையோடு ஒப்பிட்டுப் பார்க்க வழிசெய்வது அந்தக் கேள்விகள்தான்.