குறுக்குப் பாதையில் 300 கிலோமீற்றர்

கொழும்பு வெள்ளவத்தைக் குடும்பங்கள் பலவற்றுக்கு மலைநாடு என்றால் ஏப்ரல் மாதத்து நுவரெலியாதான். வான் பிடித்துப் போவார்கள், கிரகரி வாவியைச் சுற்றுவார்கள், சீத்தா எலிய கோயிலில் கும்பிட்டுவிட்டு கரட்டும் லீக்ஸும் வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். கொட்டாஞ்சேனைக் கடைகளில் வேலை செய்யும் மலையகப் பையன்களுக்கு அதே மலை வேறு விதமாகத் தெரியும். தீபாவளிக்கு முதல் நாள் இரவு பஸ் ஏறுகிறார்கள். விடியும் நேரம் ஏதோ ஒரு சந்தியில் இறங்கி, பையைத் தோளில் போட்டுக்கொண்டு, தேயிலைக்குள் போகும் குறுக்குப் பாதையில் வீட்டுக்கு ஏறுகிறார்கள்.

அப்படிப்பட்ட குறுக்குப் பாதைகளையும் பழைய தோட்ட வண்டிப் பாதைகளையும் ஒன்றோடொன்று தொடுத்தால் எவ்வளவு தூரம் போகலாம்? 300 கிலோமீற்றருக்கு மேல் போகலாம் என்பதற்குப் ‘பீக்கோ தடம்’ சாட்சி. கண்டிக்கு மேலே ஹந்தானையில், தேயிலை அரும்பொருட்காட்சியகத்தின் அருகே தொடங்கும் இந்த நடைபாதை 22 கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. மத்திய மலைநாட்டில் வளைந்து, ஊவாவுக்குள் இறங்கி, பதுளையைத் தொட்டுவிட்டு மீண்டும் ஏறி நுவரெலியாவில் முடிகிறது. இலங்கையில் நீண்ட காலம் சுற்றுலாத் துறையில் பணியாற்றிய ஸ்பெயின் நாட்டவர் மிகேல் குனாட் இதைக் கற்பனை செய்து முன்னெடுத்தார். ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்க உதவி நிறுவனமும் துணை நின்றன. இதற்காகப் புதிய பாதை வெட்டவேண்டிய தேவை அதிகம் இருக்கவில்லை. இருந்த பாதைகளைத் தேடிக் கண்டுபிடித்து, இணைத்து, அடையாளமிட்டதுதான் பெரிய வேலை.

தோட்டத்துப் பாதைகள் நடப்பதற்கு இதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. கோப்பியும் பின்னர் தேயிலையும் மலையிலிருந்து இறங்கவேண்டும். அரிசியும் உரமும் இயந்திரமும் மேலே ஏறவேண்டும். கண்டிக்கு ரயில் வந்தது 1867இல். பதுளைக்கு அது போய்ச்சேர 1924 ஆகிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் பல தோட்டங்களுக்கு மாட்டு வண்டியும் மனிதத் தலையுமே வாகனம். மாடு இழுக்கக்கூடிய சரிவில், மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றிப் பாதை வெட்டினார்கள். செங்குத்தாக ஏறும் குறுக்குப் பாதைகளோ யாரும் திட்டமிட்டு வெட்டியவை அல்ல. தொழிலாளர் வாழும் லயத்திலிருந்து கொழுந்து மலைக்கும், மலையிலிருந்து ஸ்டோர் எனப்படும் தேயிலைத் தொழிற்சாலைக்கும் தினமும் போன கால்கள் தாமே போட்டவை.

இரண்டாவது கட்டம் கலஹாவிலிருந்து லூல்கந்துரவுக்குப் போகிறது. இலங்கைத் தேயிலையின் சரித்திரத்தில் இதைவிட முக்கியமான தோட்டம் இல்லை. 1852இல் ஸ்கொட்லாந்திலிருந்து வந்த ஜேம்ஸ் டெய்லர், 1867இல் இங்கே 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1869இல், கோப்பி இலையில் துரு நோய் தென்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தோட்டங்கள் சரிந்து விழ, டெய்லரின் பயிர் மலைகளை மூடியது. அவர் அமர்ந்து மலைகளைப் பார்த்ததாகச் சொல்லப்படும் கல் இருக்கை இன்றும் அங்கே இருக்கிறது. 1892இல் அவர் இறந்தபோது 24 பேர் இரண்டு அணிகளாக மாறி மாறிச் சவப்பெட்டியைச் சுமந்து, 18 மைல் நடந்து கண்டி மஹியாவை மயானத்துக்குக் கொண்டுபோனதாகத் தேயிலை வரலாற்றில் எழுதியிருக்கிறார்கள். அந்த 24 பேரில் ஒருவருடைய பெயரும் அந்தக் கதையில் வருவதில்லை.

லூல்கந்துர இருக்கும் அதே ஹேவாஹெட்டைப் பக்கத்தில்தான் முல்லோயாத் தோட்டமும் இருக்கிறது. 1940 ஜனவரி 10ஆம் திகதி, கூலி உயர்வும் சங்க உரிமையும் கேட்டு வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தபோது பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். மலையகத் தொழிற்சங்கப் போராட்டத்தின் முதல் தியாகி என்று அவரைச் சொல்வார்கள். தோட்டத் தொழிலாளர் தரப்பில் துப்பாக்கிச் சூட்டு விசாரணைக் குழுவின் முன் வாதாடியவர் இடதுசாரித் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா. லூல்கந்துரவுக்கு வரும் நடைப்பயணி டெய்லரின் கதையைக் கேட்காமல் திரும்புவது கடினம். கோவிந்தனின் கதையும் அதே மூச்சில் சொல்லப்படவேண்டியது. இரண்டும் சேர்ந்தால்தான் அந்த மலையின் வரலாறு முழுமையாகும்.

இதற்கெல்லாம் முந்திய நடை ஒன்று இருக்கிறது. 1820களிலிருந்து தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து புறப்பட்டவர்கள் தோணியில் மன்னார்க் கரைக்கு வந்தார்கள். அங்கிருந்து வன்னிக் காட்டுக்குள் புகுந்து, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை கால்நடையாகவே போனார்கள். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் வழியெங்கும் ஆட்களைப் பறித்தன. ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டு அந்தப் பாதை ஓய்ந்திருக்கவில்லை. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கி, இரு கரையிலும் ரயில் இணைந்தபோது நடந்து வருவது பழங்கதையாயிற்று. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் மாசி மகத்துக்கு ஐந்து தேர் இழுக்கும் கூட்டத்தில், உயிரோடு வந்துசேர்ந்தவர்களின் வாரிசுகளும் வடம் பிடிக்கிறார்கள்.

மலையகத்தவர் வருகையின் 200 ஆண்டு நிறைவை ஒட்டி 2023இல் அந்த வழியை மீண்டும் நடந்தார்கள். ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கிய நடை ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடிந்தது. சுமார் 250 கிலோமீற்றர். மலையகத்தவர்களோடு வடக்கிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வந்தவர்களும், சிங்களவர்களும் முஸ்லிம்களும் சேர்ந்து நடந்தார்கள். வீட்டுரிமை, காணியுரிமை, சமமான குடியுரிமை என்று அவர்கள் முன்வைத்த கோரிக்கைகள் இன்னும் பழையதாகிவிடவில்லை.

பீக்கோ தடத்தில் நடப்பவர் எதைப் பார்க்கிறார்? காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்கள் கூடுவதைப் பார்க்கலாம். கொழுந்துப் பெண்கள் மலைக்குள் நிரை பிடித்து நுழைவதையும், கவ்வாத்து வெட்டிய மலை மொட்டையாகக் கிடப்பதையும் பார்க்கலாம். வழியில் சிறு சிறு மாரியம்மன் கோயில்கள் வரும். ஸ்டோரின் பெரிய சக்கரத்துக்குக் காவலாக ரோதமுனியைக் கும்பிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எந்திரத்தைக் கண்டு பயந்த ஒரு தலைமுறை அதைத் தன் தெய்வங்களின் வரிசையில் சேர்த்துக்கொண்ட விதம் இது. மாசியில் போனால் காமன் கூத்து நடக்கும் தோட்டம் ஏதேனும் கண்ணில் படலாம். லயங்களும் வழியிலேயே வரும். தகரக் கூரைக்குக் கீழே பத்தடி அறைகளில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. அழகான மலைக்கு நடுவே அதைப் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் போவது தமிழ் தெரிந்தவருக்குச் சாத்தியமில்லை. யாராவது “எங்க இருந்து வாறீங்க? தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்களேன்” என்று நிச்சயம் கூப்பிடுவார்கள்.

பூண்டுலோயாவிலிருந்து வட்டகொடைக்குப் போகும் கட்டம் வாசகர்களுக்கு உரியது. வட்டகொடைக்கு அருகே மடக்கும்புரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்தவர் எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை. 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றார். அடுத்த ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டம் அவரை அனுப்பிய மக்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. ‘நாடற்றவர் கதை’ என்று அவர் எழுதியது இந்த மலைகளில் வாழ்ந்த மனிதர்களைப் பற்றித்தான்.

கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை, டயகம என்று தடம் மேற்குச் சரிவிலேயே ஏறிச் செல்கிறது. பிறகு ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்துக் காட்டைத் தொட்டு ஊவாவுக்குத் திரும்புகிறது. அங்கே நிலமும் ஒளியும் மாறுகின்றன. ஹப்புத்தளையில் நின்றால் தெற்குச் சமவெளி காலடியில் விரியும். எல்லவையும் தெமோதரையையும் பற்றி எழுதாதவர் இல்லை. 1921இல் கட்டிய ஒன்பது வளைவுப் பாலத்தின் படம் எல்லாருடைய தொலைபேசியிலும் இருக்கும்.

அதைவிட, இடையிடையே வரும் சிங்களக் கிராமங்களில் சற்று நிற்கலாம். படிப்படியாக இறங்கும் வயல், பலாவும் மிளகும் கமுகும் நெருங்கிய வீட்டுத் தோட்டம், மேட்டில் விகாரை. தோட்டங்கள் வருமுன்பே இருந்த ஊர்கள் இவை. 1840ஆம் ஆண்டின் முடிக்காணிச் சட்டம், உறுதி காட்டமுடியாத காடுகளையும் சேனை நிலங்களையும் அரசுடையதாக்கித் துரைமாருக்கு விற்க வழிசெய்தது. கிராமத்தவர் காட்டை இழந்த இடத்தில், கடல்கடந்து வந்தவர்கள் லயத்துக்குள் அடைக்கப்பட்டார்கள். ஒரே பாதையின் இரு பக்கத்து இழப்பை ஒரே நாள் நடையில் பார்க்கமுடிகிறது என்பதே இந்தத் தடத்தின் பெரிய மதிப்பு.

ஆகவே நடப்பவர் செலவழிக்கும் பணம் எங்கே தங்குகிறது என்று கேட்கவேண்டும். 2024இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. துரை பங்களாக்கள் பல இன்று விலையுயர்ந்த விடுதிகள். அங்கே ஓர் இரவுக்கு ஆகும் செலவை அந்தச் சம்பளத்தோடு ஒப்பிடவே மனம் கூசும். தோட்டத்து இளைஞர்கள் வழிகாட்டிகளாகவேண்டும். தங்கள் வீட்டிலேயே ஓர் அறையை விருந்தினருக்குக் கொடுக்க, முதலில் வீடும் காணியும் அவர்கள் பெயரில் இருக்கவேண்டும். கொழும்பிலிருந்து போகிறவர்கள் ரொட்டியும் கட்டச்சம்பலும் தோட்டத்துக் கடையிலேயே சாப்பிட்டு, வழிகாட்டியையும் உள்ளூரிலேயே பிடித்தால் அதுவும் ஒரு தொடக்கம்தான்.

முதல்முறை போகிறவர்களுக்கு ஹந்தானையிலிருந்து கலஹா வரையிலான முதற்கட்டம் போதும். ரயில் ஓடினால் கொழும்புக் கோட்டையில் ஏறிக் கண்டியில் இறங்கிவிடலாம். பெப்ரவரியும் மார்ச்சும் மேற்குச் சரிவுக்கும் ஊவாவுக்கும் நல்ல காலம். மே முதல் செப்டெம்பர் வரை கொட்டகலை, நோர்வூட் பக்கத்தில் தென்மேற்குப் பருவமழை கொட்டும். அப்போது ஊவா வறண்டிருக்கும், அங்கே நடக்கலாம். அட்டைக்கு உப்போ சவர்க்காரமோ கையில் இருக்கட்டும். மழை விடாமல் பெய்தால் நடையைத் தள்ளிவைப்பதே சரி. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியாபெத்தையில் லயங்களை மண் மூடியதை மலையகம் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலிலும் பல மலைச்சரிவுகள் பெயர்ந்தன, ரயில் பாதையும் சேதமடைந்தது. எந்தக் கட்டம் திறந்திருக்கிறது, ரயில் எதுவரை ஓடுகிறது என்று விசாரித்துவிட்டே வெள்ளவத்தையிலிருந்து கிளம்பவேண்டும்.